சாவியை விட்டதும் அணைந்த டார்ட்

ஏப்ரல்

கராஜில் நிற்பது 1968 டாட்ஜ் டார்ட், நாலு கதவு செடான். எஞ்சின் 225 கன அங்குலம், நம் கணக்கில் 3.7 லிட்டர். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. அந்த வரிசை நேராக நிற்காமல் 30 டிகிரி சாய்ந்து நிற்கும். அதனாலேயே இதற்கு 'ஸ்லான்ட் சிக்ஸ்' என்று பெயர். 1960 மாடல் வேலியன்ட் காரில் இந்தச் சாய்வு எஞ்சின் குடும்பத்தை, டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லர் கொண்டுவந்தது. சாய்த்து வைத்ததால் பானெட் தாழ்வாக அமைந்தது, பக்கவாட்டில் நீளமான இன்டேக் குழாய்களுக்கும் இடம் கிடைத்தது. மிச்சிகனில் பழைய வண்டி பார்ப்பவர்கள் இந்த எஞ்சினை மரியாதையோடுதான் பேசுவார்கள். அந்த மரியாதை எதனால் என்று கையாலேயே தெரிந்துகொள்ளத்தான் 4,200 டாலர் கொடுத்து வாங்கினேன்.

வாங்கும்போதே ஒரு நோய் இருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கும். 'பிடித்துவிட்டது' என்று சாவியை விட்ட அடுத்த நொடி அணைந்துவிடும். பத்து முறை முயன்றால் பத்து முறையும் அதே கதை.

முதலில் பெட்ரோல் வரவில்லை என்று நினைத்தேன். ஒற்றைக் குழல் ஹோலி 1920 கார்பரேட்டரைக் கழற்றி, கழுவி, புது கேஸ்கெட் செட் போட்டேன். நோய் போகவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றினேன். போகவில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், கண்டன்சர். போகவில்லை. மூன்று வார இறுதிகளும் இருநூறு டாலருக்கு மேலும் அப்படியே போயின. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியது மட்டும் வீண்போகவில்லை. இங்கே பம்பில் வரும் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கும், பழைய ரப்பரை அது அரித்துவிடும்.

நான்காவது வாரம் எதையும் வாங்காமல் மல்டிமீட்டரை மட்டும் கையில் எடுத்தேன். காயிலின் பாசிட்டிவ் முனையில் ஒரு முள்ளையும் பாடியில் ஒரு முள்ளையும் வைத்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்பதரை வோல்ட். சாவியை விட்டதும் பூஜ்யம். ஒரு மாத மர்மம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

காரணம் இதுதான். பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை, வைத்த இந்த வண்டிகளில் காயிலுக்கு முழு 12 வோல்ட் எப்போதும் போகக் கூடாது, போனால் பாயிண்ட் கருகிவிடும். அதனால் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில், டேஷ்போர்டுக்குப் பின்னால் எஞ்சின் பக்கச் சுவரில், விரல் நீளப் பீங்கான் கட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். அதுதான் பேலஸ்ட் ரெசிஸ்டர். அரை ஓம் அளவுதான் அதன் தடை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் எப்படியும் சரியும் என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் பழுப்பு ஒயர் வழியாக ரெசிஸ்டரைத் தாண்டி நேரடியாக மின்சாரம் போகும். சாவியை விட்டதும் நீல ஒயர், ரெசிஸ்டர், பிறகு காயில். என் வண்டியில் பீங்கானுக்குள் இருந்த கம்பி அறுந்திருந்தது. ஸ்டார்ட்டருக்கு வேறு வழி, ஓட்டத்துக்கு வேறு வழி. இரண்டாம் வழி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

புது ரெசிஸ்டர் பத்து டாலருக்கும் குறைவு. இரண்டு வாங்கி, ஒன்றைச் சுவரில் மாட்டினேன். இன்னொன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவைத்தேன். பழைய டாட்ஜ், பிளைமவுத் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அப்படி ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மே

அப்பா சங்ககிரியிலிருந்து வந்திருக்கிறார், ஆறு மாதம் இருப்பார். பதினாறு வயதில் லாரி கிளீனராக ஏறியவர். முதலில் ஏறியது ஃபார்கோ லாரி. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்ற கிரைஸ்லர் பெயர்களில் குர்லாவில் பிரீமியர் கம்பெனி லாரி செய்த காலம் அது. வந்த மறுநாளே கராஜுக்குள் வந்து டார்ட்டின் முகப்பைத் தடவிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது நம்ம ஃபார்கோ வூட்டு ஆளு" என்றார். அன்றிலிருந்து காலைக் காப்பி கராஜில்தான்.

இந்த மாதம் முழுக்க பிரேக். நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். மிதித்தால் பெடல் பாதி தூரம் இறங்கியது, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஓடாத வண்டியைப் பிறகும் பார்க்கலாம், நிற்காத வண்டியை உடனே பார்க்க வேண்டும். உண்மையில் பிரேக்கைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

வலது பக்கச் சக்கரங்கள் சுலபமாகக் கழன்றன. இடது பக்கம் வந்தபோது நட்டு அசையவே இல்லை. நீளக் கம்பியைப் போட்டு ஏறி நின்றேன். ஸ்டட் முறுகும் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"கண்ணு, நிறுத்து. அது இடப்பக்கச் சக்கரமல்ல? மரை திருப்பி இருக்கும். வலமாச் சுத்திப் பாரு."

"கார்லயுமாங்கப்பா?"

"லாரியில அப்படித்தான். இதுவும் அந்தக் காலத்து வண்டிதான?"

வலமாகச் சுற்றினேன், அரைச் சுற்றில் தளர்ந்தது. ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பார்த்தால் 'எல்' என்ற எழுத்து அச்சாகியிருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது இடப்பக்கச் சக்கரம் சுழலும் திசையில் சாதாரண மரை தளரக்கூடும் என்று எண்ணி, கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கத்துக்கு மட்டும் இடது மரை வைத்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில்தான் அது போனது. இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் ஸ்டட் உடைந்திருக்கும். இந்த வண்டியை வாங்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வண்டியைத் தூக்கியதும் ஜாக்கியை நம்பாமல் நாலு ஸ்டாண்டு வைத்தேன். அப்பா அதோடு விடவில்லை. கழற்றிய சக்கரங்களை உருட்டி வந்து சேஸிஸுக்கு அடியில் படுக்கவைத்தார். ஸ்டாண்டு சரிந்தாலும் சக்கரத்தின் மேல்தான் வண்டி உட்காரும், ஆள் மேல் உட்காராது. லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்தவரின் பழக்கம். இனி என் பழக்கமும் அதுதான்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூள். அப்பா குனிந்து வாயால் ஊதப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஏர் அடிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாப்பது வருசம் ஊதியிருக்கறனே கண்ணு" என்றார். அடுத்த வாரமே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய் மார்பு எக்ஸ்ரே எடுத்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. ஊரில் பழைய லாரி வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஊதாதீர்கள்.

துடைத்தபின்தான் வண்டி ஒரு பக்கம் இழுத்ததன் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் இரண்டு ஷூ, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த பட்டைகள். ஒன்றின் லைனிங் குட்டை, மற்றதன் லைனிங் நீளம். குட்டையானது வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். டிரம் சுழலும்போது முன் ஷூ கவ்விக்கொண்டு தன்னோடு பின் ஷூவையும் தள்ளும். அதிக வேலை பின் ஷூவுக்கு என்பதால் அதற்கு நீள லைனிங். என் வண்டியின் முன் இடது சக்கரத்தில் யாரோ இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். போதாததற்கு வலது வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் எண்ணெயில் ஊறியது போல இருந்தது. நாலு வீல் சிலிண்டர், எட்டு ஷூ, மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாம் புதிது போட்டோம். 1967 முதல் இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒன்று கசிந்தாலும் இன்னொன்று ஓரளவு நிறுத்தும். 66 மாடல் வாங்காமல் 68 வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, இரண்டு பேர் வேலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் வலது, பின் இடது, முன் வலது, கடைசியாக முன் இடது. அப்பா சீட்டில், நான் தரையில்.

"மிதிங்கப்பா."

"புடிச்சிட்டேன்."

திருகைத் தளர்த்தினால் குழாயில் குமிழி. இறுக்கியபின் "விடுங்க." பெடலை முன்னாலேயே விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அப்பா ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. நாற்பது ஐம்பது மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி நின்றது. டாட் 3 பிரேக் ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தோம். இரண்டு சொட்டு பட்டது, உடனே கழுவினேன்.

ஜூன்

ஒரே ஒரு வேலை, ஆனால் பயமுறுத்திய வேலை. டேஷ்போர்டில் இருக்கும் அம்மீட்டர் வெறும் காட்சிக்கு இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம் எஞ்சின் பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, அம்மீட்டர் வழியாகப் போய், திரும்ப வெளியே போகிறது. சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். ஐம்பது வருடத் துரு, அதனால் சூடு. கழற்றிப் பார்த்தபோது என் வண்டியில் தடித்த ஒயர் இருந்த குழி பழுப்பேறி உருகியிருந்தது. இன்னும் ஒரு கோடை ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு எஞ்சின் பக்கமாகவே ஒரு தடித்த ஒயரை, மின்சாரம் அளவு மீறினால் உருகித் துண்டிக்கும் ஃபியூசிபிள் லிங்க் வைத்து, நேராக இழுத்துவிட்டேன். இப்போது அம்மீட்டர் முள் முன்போல ஆடாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஜூலை

பாயிண்ட் வைத்தேன். சாய்ந்த எஞ்சின் என்பதால், பாயிண்டைத் தாங்கி, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வலது பக்கம் கீழே மறைந்து கிடக்கிறது, குனிந்து எட்டிப் பார்த்து வேலை செய்தால் கை நடுங்குகிறது. முழுதாக வெளியே எடுத்து, மேஜை மேல் வைத்து 20 தௌ இடைவெளி வைத்தேன், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. எடுக்கும் முன் ரோட்டர் எந்தத் திசை பார்க்கிறது என்று படம் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கியர் நைலான், அதன் பற்களையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இந்த எஞ்சினில் 1980 வரை தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது, கையால்தான் வைக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் இன்டேக் 10 தௌ, எக்ஸாஸ்ட் 20 தௌ. பெரும்பாலான வால்வுகள் இரண்டு மூன்று தௌ தளர்ந்திருந்தன, அது இயல்பு. ஐந்தாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் 12 தௌதான் இருந்தது. தளர வேண்டியது இறுகியிருக்கிறது என்றால் வால்வு தன் இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று பொருள். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வார்த்தவை. எக்ஸாஸ்ட் இருக்கையை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 1996-ல் முற்றிலும் தடையானது. சரிசெய்து, தேதியோடு நோட்டில் எழுதிவைத்தேன். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இந்த ஒரு வால்வை அளப்பேன். தொடர்ந்து இறங்கினால் ஹெட்டைக் கழற்றிக் கடின இருக்கை போட வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் டிக் டிக் என்ற மெல்லிய சத்தம் கேட்டது. இன்னும் இறுக்கலாமா என்று ஸ்பேனரை எடுத்தேன். "டேப்பட் சத்தம் கேக்கோணும் கண்ணு. கேக்காமப் போனா வால்வு கருகுதுன்னு அர்த்தம்" என்று அப்பா ஸ்பேனரை வாங்கிவைத்துவிட்டார்.

ஆகஸ்ட்

மிச்சிகனில் 26 வயது ஆன வண்டிக்கு 'ஹிஸ்டாரிக்' நம்பர் பலகை கிடைக்கும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் அதில் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு. அதனால் இந்த மாதம் முழுக்க ஓட்டினோம். ஒரு ஞாயிறு அப்பாவை, இந்த வண்டி பிறந்த ஆலை இருந்த ஹாம்டிராம்க் ஊர்ப் பக்கம் அழைத்துப்போனேன். டேஷ்போர்டின் இடது ஓரத்தில் கண்ணாடி வழியாகத் தெரியும் எண் 'எல்எல்41பி8பி' என்று தொடங்குகிறது. முதல் எழுத்து டார்ட், 41 நாலு கதவு, முதல் 'பி' 225 எஞ்சின், 8 என்றால் 1968, கடைசி 'பி' ஹாம்டிராம்க் ஆலை. 'டாட்ஜ் மெயின்' என்ற அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. இப்போது அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நிற்கிறது, மின்சார வண்டிகள் செய்கிறார்கள். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கையால் சைகை காட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னால எங்கியோ புஸ்ஸுனு வருது" என்றார்.

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து பார்த்தேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி ஸ்டட் அருகே கரி படிந்திருக்கிறது, கேஸ்கெட் கசிகிறது. இந்த மேனிஃபோல்ட் சூட்டில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்துத்தான் நட்டுகளை இறுக்க வேண்டும், வெறும் 10 அடி-பவுண்டு. பலம் போட்டு இறுக்கியவர்கள் மேனிஃபோல்டை உடைத்திருக்கிறார்கள். கேஸ்கெட் வந்துவிட்டது, சரியான கூம்பு வாஷர்கள் இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு அக்டோபர் கடைசியில் விமானம். வாஷர் அதற்குள் வந்தால் டார்ச் பிடிப்பது அவர்தான் என்று சொல்லியிருக்கிறார்.