இரண்டு பூஜ்யங்கள்

மார்ச் 26, 2023, ஞாயிறு

மே 7, யோகோஹாமா என்று நாள் குறித்து வைத்திருந்தேன். போச்சு. பயிற்சியில் ஜப்பான் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவேக்குக் கையில் அடி. அமெரிக்கர் ஸ்டீபன் ஃபுல்டனோடு அவர் மோதும் உலகப் பட்டச் சண்டை ஜூலை 25-க்கு, டோக்கியோ அரியாகே அரீனாவுக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடுமோ என்று எரிச்சல். ஆனால் அடிபட்டது கையில். அவருடைய மொத்தப் பிழைப்பும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

இன்று கணக்கு பார்த்தேன். இனோவே 24 சண்டை, 24 வெற்றி, அதில் 21 நாக் அவுட். ஸ்டீபன் ஃபுல்டன் 21 சண்டை, 21 வெற்றி, நாக் அவுட் 8 மட்டுமே. தோல்விக் கட்டத்தில் இருவருக்கும் பூஜ்யம். ஒருவர் அதை நடுவர்களுக்கு வேலை வைக்காமல் காப்பாற்றியவர். மற்றவர் பன்னிரண்டு ரவுண்டும் நின்று, அவர்கள் கையால் எழுதி வாங்கியவர். எனக்கு இரண்டாவது பூஜ்யத்தின் மேல்தான் மரியாதை கூடிக்கொண்டு போகிறது. வெளியே சொன்னால் இனோவே ரசிகர்கள் உதைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

ஃபுல்டன் 2021 நவம்பரில் பிராண்டன் ஃபிகரோவாவோடு ஆடியதை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஃபிகரோவா சும்மா முட்டிக்கொண்டே வருகிற ஆள். ஃபுல்டன் ஓடவில்லை. நெஞ்சோடு நெஞ்சு நின்று, குத்துக்குக் குத்து கொடுத்து வாங்கினார். ஒரு நடுவர் 114-114, மற்ற இருவர் ஃபுல்டனுக்கு 116-112. ஃபிகரோவா ஜெயித்ததாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கும் ஏழாவது ரவுண்டுக்கு மேல் சந்தேகம் வந்தது. ஆனால் இந்த ஆளை வெறும் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டு நழுவுகிறவர் என்று எழுதுகிறவர்கள் அந்தச் சண்டையைப் பார்த்ததில்லை.

ஜூலை 17, திங்கள்

இன்று ஃபுல்டனுக்கு 29 முடிகிறது. சண்டைக்கு எட்டு நாள் இருக்கும்போது பிறந்தநாள் வந்து என்ன, கேக்கை முறைத்துப் பார்க்கத்தான் முடியும். 122 பவுண்டுக்குள், அதாவது 55.3 கிலோவுக்குள் நிற்க வேண்டும். அடுத்த எடைப் பிரிவான ஃபெதர்வெயிட்டுக்கு ஏறலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தவர் அவர். இந்த எடையில் பெரிய உடம்பு.

இனோவே கதை நேர் எதிர். 2014-இல் முதல் உலகப் பட்டம் வாங்கியபோது லைட் ஃப்ளைவெயிட், 108 பவுண்டு. அதே வருடக் கடைசியில் ஒரு எடைப் பிரிவையே தாண்டிக் குதித்து, 115-இல் ஓமர் நார்வாயெஸை இரண்டே ரவுண்டில் முடித்தார். அப்புறம் 118. போன டிசம்பரில் அங்கே நான்கு அமைப்புகளின் உலகப் பட்ட பெல்ட்டையும் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து இப்போது 122-க்கு வருகிறார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் 'இங்கே அந்த அடி எடுபடாது' என்றார்கள். ஒவ்வொரு முறையும் எடுபட்டது. அதற்காக இந்த முறையும் எடுபடும் என்று சொல்ல முடியுமா? நாலு பவுண்டு நமக்கு ஒன்றுமில்லை. இந்த எடைகளில் அது ஒரு சுவர்.

ஜூலை 23, ஞாயிறு

கைக்கட்டுத் தகராறு. துணி சுற்றாமல் தோலின் மேலேயே இனோவே டேப் ஒட்டுகிறார், அது சரியில்லை என்று ஃபுல்டன் தரப்புப் பயிற்சியாளர் கிளப்பியிருக்கிறார். ஜப்பானில் அதற்கு அனுமதி உண்டு, அமெரிக்காவில் பல இடங்களில் கிடையாது. இனோவே முகம் சுளித்ததை முதல் முறையாகப் பார்க்கிறேன். குற்றச்சாட்டில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, நோக்கம் நிறைவேறிவிட்டது. கோபப்படாத மனிதரைக் கொஞ்சம் கோபப்படுத்தியாகிவிட்டது. ஆனால் கோபமான இனோவே யாருக்கு நல்லது, அதை யோசித்தார்களா?

ஜூலை 24, திங்கள்

இருவரும் எடையில் சரி. அப்பாடா.

இரவு, இனோவே 2019-இல் நோனிடோ டொனேரோடு ஆடிய முதல் சண்டையைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது ரவுண்டிலேயே டொனேரின் ஒரு இடது ஹுக் (வளைத்து விடும் குத்து), இனோவேயின் வலது கண்குழி எலும்பு முறிந்துவிட்டது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபடியே மீதி பத்து ரவுண்ட் ஆடினார். பதினொன்றில் வயிற்றில் ஒரே அடியில் டொனேரை உட்கார வைத்தார். மூன்று முறை பார்த்தும் அந்த இடத்தில் எழுந்து நிற்கிறேன். நாளை நீண்ட சண்டை ஆகுமே என்று பயப்படும்போதெல்லாம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். இவருக்கும் பன்னிரண்டு ரவுண்ட் தெரியும்.

ஜூலை 25, செவ்வாய்

வேலை நாளில் சண்டை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. அலுவலகத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லியாகிவிட்டது. முழுப்பொய் இல்லை, காலையிலிருந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சனிக்கிழமை லாஸ் வேகஸில் ஸ்பென்ஸும் கிராஃபோர்டும் மோதுகிறார்கள். அவர்களும் தோற்காதவர்கள்தான். ஒரே வாரத்தில் இப்படி இரண்டு. எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், பேசட்டும்.

மாற்றி எழுத முடியாதபடி இங்கே எழுதி வைக்கிறேன்: இனோவே, புள்ளிகளில், நூலிழையில். ஃபுல்டனுக்குக் கை நீளம், அந்த ஜாப் முதல் நாலு ரவுண்டைக் கெடுக்கும். நான் பார்க்கப்போவது இனோவேயின் வலது கையை அல்ல, இடது ஜாபை. குள்ளமானவர் ஜாபில் ஜெயிக்க ஆரம்பித்தால் என் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

முன்னால் நடந்த சண்டையில் ராமிரெஸ் ஐந்தாவது ரவுண்டில் ஷிமிசுவை முடித்துவிட்டார். ரிங்கோரத்தில் மார்லன் டபாலெஸ் உட்கார்ந்திருக்கிறார். இந்த எடையில் ஃபுல்டனிடம் இல்லாத மற்ற இரண்டு பெல்ட்டும் அவரிடம்தான்.

விளக்குகளை அணைக்கிறார்கள். ஃபோனை வைக்கிறேன்.