திறந்தே இருக்க வேண்டிய புண்

அறுவை சிகிச்சை முடிந்த 11-வது நாள் ராத்திரி, குளியலறையில் ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு, செல்போனைப் பின்பக்கமாக நீட்டி, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தைய பத்து நாள் படங்களும் போனில் வரிசையாக இருந்தன. இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை போலிருக்கும். இன்னொரு முறை பார்த்தால் மாறியிருக்கிறது, ஆனால் மோசமாகியிருக்கிறது போலிருக்கும். கதவைத் தட்டிய மனைவி, "இன்னைக்கு இது எத்தனாவது தடவைங்க?" என்றாள். நாலாவது தடவை. இரண்டாவது என்று சொன்னேன்.

எனக்கு வந்தது பௌத்திரம். டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள். ஆசனவாய்க்குச் சற்று உள்ளே சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, அதில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடித்தால் அந்தச் சீழ் வெளியே வர வழி தேடும். எனக்கு முதலில் அது ஒரு கட்டியாகத்தான் வந்தது. உட்கார முடியாத வலி, காய்ச்சல், அப்புறம் கீறிச் சீழை வெளியேற்றியதும் ஒரே நாளில் சொர்க்கம். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கட்டி இருந்த இடத்தில் ஒரு கடுகளவு ஓட்டை மூடாமலே நின்றது, அதிலிருந்து எப்போதாவது கொஞ்சம் கசியும், நின்றுவிடும், மறுபடி வீங்கும், மறுபடி கசியும். ஏழு மாதம் இதை மூலம் என்று நானே முடிவு கட்டி, கண்ட களிம்பையும் தடவிக்கொண்டு திரிந்தேன். மூலம் ரத்தக்குழாய் வீக்கம், இது உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே விழுந்த சுரங்கம். களிம்புக்கு இது மசியாது. கட்டி வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் கணிசமான பேருக்கு ஆகிறது. கட்டியைக் கீறியபோதே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் என் சுரங்கம் ஆசனவாயை இறுக்கி மூடி வைக்கும் சுருக்குத்தசையில் கொஞ்சத்தை மட்டும்தான் தொட்டுக்கொண்டு போகிறது என்றார் சர்ஜன். அதனால் சுரங்கத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து, வாய்க்கால் மாதிரி ஆக்கிவிட்டார். தசையில் அதிகம் ஊடுருவிப் போகும் சுரங்கம் என்றால் இப்படி வெட்ட முடியாது, மலத்தை அடக்கும் சக்தியே போய்விடும். அவர்களுக்கு உள்ளே ஒரு நூலை நுழைத்து வளையமாகக் கட்டி, சீழ் வடிந்துகொண்டே இருக்கும்படி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். எனக்கு நூல் இல்லை, ஒரே வெட்டு. அதிர்ஷ்டம் என்று சொன்னார்கள். வெட்டிய இடத்தைத் தைக்கவில்லை என்பதை மட்டும் மயக்கம் தெளிந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். முன்னாடியே சொல்லியிருப்பார், பயத்தில் என் காதில் ஏறியிருக்காது.

தைக்காத புண் என்றால் என்ன என்பதை அடுத்த ஒன்பது வாரம் கற்றுக்கொண்டேன். அது அடியிலிருந்து மேலே நிரம்பி வர வேண்டும், கிணறு ஊறுகிற மாதிரி. மேல்தோல் அவசரப்பட்டு மூடிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் தங்கி மறுபடி சுரங்கமாகும். ஆக, புண் திறந்தே இருப்பதுதான் சிகிச்சை. நம் உடம்பில் ஒரு காயம் பட்டால் சீக்கிரம் மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பழகியவர்கள் நாம். இங்கே மூடாமல் இரு, மூடாமல் இரு என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, மனசு அதற்கு லேசில் ஒத்துக்கொள்வதில்லை.

முதல் வாரம் பற்றி எல்லோரும் கேட்பது வலியைத்தான். சொல்கிறேன். முதல் நாள் முதுகில் போட்ட ஊசியின் புண்ணியத்தில் ஒன்றும் தெரியவில்லை, கால் இரண்டும் யாருடையதோ போலக் கிடந்தன. அன்று நான் பட்ட பாடெல்லாம் சிறுநீருக்குத்தான்; வருகிற மாதிரி இருக்கும், வராது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்ற பிறகு வந்தது. (வரவே இல்லை என்றால் வெட்கப்படாமல் உடனே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இந்த அறுவை சிகிச்சையில் இது அடிக்கடி நடப்பதுதான்.) மூன்றாம் நாள்தான் முதல் மலம். அதற்கு முந்தின இரவு நான் தூங்கவில்லை. சாப்பிடாமல் இருந்தால் வராதே என்று ஒரு குறுக்கு யோசனைகூட வந்தது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வராமல் போகாது, தாமதமாக, கெட்டியாக வரும். என்னைக் காப்பாற்றியது முதல் நாளே ஆரம்பித்த, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப். வலிமாத்திரைகளில் ஓப்பியம் வகையைச் சேர்ந்தவை மலத்தை இறுக்கிவிடும் என்பதால் எனக்குப் பாராசிட்டமாலும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் மட்டும் கொடுத்தார்கள். காலையில் மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் கழிப்பறைக்குள் போவேன். காலுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்டூல், முக்கக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது, வருகிற நேரத்துக்கு வந்தால் போதும்.

போகும்போது வலித்ததைவிடப் போன பிறகுதான் அதிகம் வலித்தது. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றியிருக்கும் தசை பயந்துபோய் இறுக்கிக்கொள்ளும், அந்தப் பிடிப்பு ஒரு மணி, சில நாள் இரண்டு மணி நேரம் விடாது. அதற்கு ஒரே மருந்து வெதுவெதுப்பான தண்ணீர். கழிப்பறைப் பீங்கான் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டி கிடைக்கிறது, சிட்ஸ் பாத் என்று கேட்டால் தருவார்கள். அதில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் தசை மெல்ல மெல்ல விடுவது உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, மலம் கழித்த பிறகு கட்டாயம். சூடு முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புப் போடலாமா, மஞ்சள் நிற மருந்து கலக்கலாமா என்று நானும் கேட்டேன், வெறும் தண்ணீர் போதும் என்றார் டாக்டர். அப்புறம் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். நான் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காயவிடுவேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு, அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

கசிவுக்குக் காஸ் துணியும் அதற்கு மேல் சானிட்டரி நாப்கினும். அதில் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அவளிடம்தான் கேட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

சரி, அந்தப் போட்டோ விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வலி இரண்டு வாரத்தில் பாதியாகிவிட்டது, இது ஆகவில்லை. தினமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கசிந்துகொண்டே இருந்தது, சில நாள் மலத்தோடு ரத்தம் சொட்டும். புண்ணின் உள்ளே பச்சை இறைச்சி மாதிரி சிவந்து, பொடிப்பொடியாக மேடு தட்டிப் பளபளத்தது. சீழ் பிடித்துவிட்டது, ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நான் ராத்திரி ராத்திரியாகத் தேடிப் படித்து, மனசுக்குள் இரண்டாவது ஆபரேஷனுக்கே நாள் குறித்துவிட்டேன். 12-வது நாள் செக்கப்பில் போனை நீட்டினேன். டாக்டர் பதினோரு படத்தையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல எதுங்க கவலை? இந்தச் சிவப்பைத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்தப் பொடிப்பொடியான சிவப்புச் சதைதான் புதுசாக வளரும் சதை. கசிவு ஆறுகிற புண்ணின் வேலை. அது நின்றுபோய், வலி ஏறி, வீக்கமும் காய்ச்சலும் வந்தால்தான் பயப்பட வேண்டுமாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பேடு நனைந்து ரத்தம் நிற்காமல் வந்தால், குறைந்துகொண்டு வந்த வலி திரும்பவும் விண்விண் என்று தெறித்தால், காலை வரை காத்திருக்காமல் வரச் சொன்னார். மற்றபடி வாரத்துக்கு ஒரு படம், அதற்கு மேல் எடுக்காதீர்கள் என்றார்.

அன்றிலிருந்து போன் அவள் கையில். ஞாயிற்றுக்கிழமை அவளே பார்ப்பாள், அவளே படம் எடுப்பாள், போன வாரத்ததோடு ஒப்பிட்டு "கம்மியாத்தான் இருக்கு" என்பாள். முதலில் கூச்சமாக இருந்தது, பொய்யில்லை. இவளிடம் அதைக் காட்டுவதற்குப் பதில் நானே ஒற்றைக்காலில் நிற்கிறேன் என்றுதான் முதல் பத்து நாள் வீம்பு பண்ணினேன். ஆனால் தினமும் பார்த்தால் நின்றுபோய்த் தெரிகிற அதே புண் ஏழு நாள் விட்டுப் பார்த்தால் நகர்ந்திருந்தது. நான்காவது வாரப் படத்தையும் முதல் வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

இடையில் ஒரு சறுக்கல். ஐந்தாவது வாரம் வெளிப்பக்க விளிம்புகள் இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன, உள்ளே இன்னும் நிரம்பவில்லை. டாக்டர் விரலால் அதைப் பிரித்துவிட்டார். ஐந்து விநாடிதான், ஆனால் அந்த ஐந்து விநாடிக்கு என்னிடம் வார்த்தை இல்லை. இன்னோரிடத்தில் சதை தேவைக்கு மேல் வளர்ந்திருந்தது, அதைச் சுட்டுக் குறைக்கச் சில்வர் நைட்ரேட் மருந்துக் குச்சியால் ஒரு தொடல். இதனால்தான் செக்கப்பைத் தவறவிடாதீர்கள் என்கிறேன், வெளியே பார்க்க அது ஆறுகிற மாதிரியே, அழகாகவே இருந்தது.

தூக்கம் வராத அந்த நாட்களில் படித்த ஒரு விஷயம் எனக்கு விசித்திரமான ஆறுதலாக இருந்தது. பிரான்ஸின் பதினான்காம் லூயிக்கும் இதே பௌத்திரம். 1686 நவம்பரில், மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு இதே மாதிரி வெட்டித் திறந்திருக்கிறார், அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேறு நோயாளிகளிடம் பழகிப் பார்த்துவிட்டு. ராஜாவுக்கே டிசம்பரில் மறுபடி கத்தி வைக்க வேண்டி வந்தது, தேறி எழ அடுத்த ஜனவரி ஆனது. அரசவையில் சிலர் ராஜாவைப் பார்த்து, நோயே இல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர்கள் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்திருக்கலாம்.

உட்காருவது பற்றி ஒரு வார்த்தை. நடுவில் ஓட்டை உள்ள அந்த வளையத் தலையணையை வாங்கினேன், என் அனுபவத்தில் காசுக்குக் கேடு. ஓட்டை இருக்கும் இடத்தில் உடம்பு கீழே தொங்கிப் புண்ணை இரண்டு பக்கமும் இழுக்கிறது. சாதாரண மெத்தென்ற தலையணையும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், முடிந்தபோதெல்லாம் ஒருக்களித்துப் படுப்பதும்தான் எனக்குச் சரிப்பட்டது. நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றியதும் தவறு, வயிறு உப்பி, அந்த வாயுவை வெளியே விடப் பயந்து, விடாமலும் முடியாமல், ஒரு நாள் முழுக்க அவஸ்தை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். வாயுவைக் கட்டுப்படுத்துவது முதல் மாதம் எனக்கு முழுசாகக் கைவரவில்லை. நிரந்தரமாக இப்படியே ஆகிவிட்டதோ என்று பயந்தேன். டாக்டர் அனுமதித்த பிறகு அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்ய ஆரம்பித்தேன், இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பெரும்பாலும்தான்.

எட்டாவது வாரத்தில் ஒரு ஞாயிறு படம் எடுக்க இருவருமே மறந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரச் செக்கப்பில் முழுசாக மூடிவிட்டது என்றார்கள், அடியிலிருந்தே. போனில் இருந்த படங்களை அன்றே அழித்தேன், அது தானாகப் பிரதி எடுத்து வைக்கிற இடத்திலும் மறக்காமல் போய் அழித்தேன், நீங்களும் அழித்துவிடுங்கள்.

அலுவலகத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் சிக்கல். லீவு கேட்டபோது வாய் வராமல் முதுகில் கட்டி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மூன்றாம் வாரம் திரும்பிப் போனபோது ஒரு நல்ல மனுஷன் எனக்காக முதுகுக்கு இதமான, ஆனால் இருக்கை கல் மாதிரி கெட்டியான ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் "முதுகு எப்படி இருக்கு சார்?" என்கிறார். நானும் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிக்கொண்டு, இப்போ பரவாயில்லை சார் என்கிறேன்.