தோள்பட்டை எறங்குனா கிரேக்கத்துல என்ன பண்ணாங்க

சென்னைல வியாசர்பாடி பக்கம் ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. கீப்பர் டைவ் அடிச்சு விழுவான், எந்திரிக்கும்போது ஒரு கை மட்டும் தொங்கும், தோள்ல உருண்டையா இருந்த எடத்துல ஒரு பள்ளம் தெரியும். உடனே யாராவது ஒரு அண்ணன் அவன மண்ணுல படுக்க வெச்சு அக்குள்ல குதிகால குடுத்து கைய இழுப்பாரு, நழுவுன எலும்பு டொக்குன்னு உள்ள போயிடும்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிட்டே போனா கிமு 400 வாக்குல போய் நிக்குது. பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டீஸ் பேருல வர்ற நூல்கள்ல மூட்டுகள பத்தி ஒண்ணு இருக்கு, அதுல இதே முறை அப்படியே இருக்கு. வலது தோளுன்னா வலது குதிகால், இடதுன்னா இடது. கைய இழுக்கும்போது அக்குள் குழிஞ்சிடும், குதிகால் எலும்பு வரைக்கும் எட்டாது, அதனால தோல்ல தச்ச சின்ன கெட்டியான பந்து ஒண்ண அங்க வெச்சுட்டு மிதிக்கணுமாம். எத்தன பேருக்கு பண்ணி பாத்திருந்தா இது தோணியிருக்கும்! உடம்பு கூடவே இழுபடாம இருக்க எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் உக்காந்து நல்லா இருக்குற கைய புடிச்சுக்கணும்னும் இருக்கு.

ஆனா எனக்கு மனச போட்டு பெசஞ்சது அது இல்ல. ஒரு தடவ எறங்குன தோளு திரும்ப திரும்ப எறங்கும், மத்த எல்லாத்துலயும் தகுதியான எத்தனையோ வீரனுங்க இதனாலயே போட்டிய விட்டுட்டாங்க, சண்டைல செத்தும் போயிருக்காங்கன்னு அந்த வைத்தியர் எழுதுறாரு. நம்ம பசங்க கதை அதேதான். அதுக்கு அவரு பண்ணது, அக்குள் தோல புடிச்சு தூக்கி பழுக்க காய்ச்சுன மெல்லிசான இரும்பால சுடுறது, நரம்புல பட்டுடக்கூடாதுன்னு எச்சரிக்கையோட. அப்புறம் கைய ராத்திரி பகலா உடம்போட சேத்து கட்டி வெக்கணும், அந்த தழும்பு இறுகி எலும்பு நழுவுற வழிய அடைச்சிடும். கொடூரம்தான், ஆனா ஒரு பையன் திரும்ப ஆடணும்னு இவ்ளோ யோசிச்ச மனுஷன் மேல எனக்கு பெரிய மரியாத வந்துடுச்சு.

இப்ப டாக்டருங்க குதிகால் முறைய பெருசா விரும்புறதில்ல. அக்குள்ல நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, அதுல அடிபடலாம், உள்ள எலும்பு ஒடஞ்சிருந்தா வெளிய தெரியாது. அந்த காலத்துல எக்ஸ்ரே இல்ல, நமக்கு இருக்கு. அதனால கிரவுண்ட்ல இழுக்காதீங்க ப்ளீஸ், கைய உடம்போட சேத்து ஒரு துண்டால கட்டி நேரா கூட்டிட்டு போங்க. இருபது வயசுக்குள்ள மொதல் தடவ எறங்குன பசங்களுக்குத்தான் திரும்ப எறங்குற வாய்ப்பு ரொம்ப அதிகம், உள்ள போயிடுச்சு வலி இல்லன்னு அடுத்த வாரமே மேட்ச்ல எறக்கி விடுறத பாத்தா வயிறு எரியுது. ரெண்டாவது தடவையும் எறங்கிடுச்சுன்னா கிழிஞ்ச சவ்வ தச்சு சரி பண்ண ஆபரேஷன் இருக்கு, சூடு போட வேண்டியதில்ல. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, அங்க எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.