எர்நோ 5: செத்துப்போன ஒரு பிட்டும் மூன்று பேக்ஸ்லாஷும்

ஒருவழியாக என் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் 22 என்ற ஓஎஸ் ஏறிவிட்டது. அதுவும் பழுதான ரேம் ஸ்டிக்கைத் தூக்கிப் போடாமல், 16 ஜிபியும் ஓடுகிறது. இந்தப் பெருமையை எங்காவது எழுதி வைக்க வேண்டாமா?

கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-7400 பிராசசர். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 பட்டியலில் இந்த பிராசசருக்கு இடமில்லை. சரி, மின்ட் போடலாம் என்று உட்கார்ந்தால், ஃபைல்கள் காப்பி ஆகும்போது பாதி வழியில் 'எர்நோ 5, இன்புட் அவுட்புட் எரர்'. சிடி கெட்டிருக்கலாம், ஹார்டுடிஸ்க் கெட்டிருக்கலாம் என்று கூடவே ஒரு ஜோசியம். பென்டிரைவை மாற்றினேன், பென்டிரைவில் இன்ஸ்டாலர் ஏற்றும் ரூஃபஸ், வென்டாய் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன், எஸ்எஸ்டி தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரமும் சுத்தம். ஆனால் நிற்கிற இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருந்தது. பென்டிரைவ் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கும். வெறுத்துப்போய் விண்டோஸ் 10-ஐயே திரும்ப ஏற்றப் பார்த்தால் அது 80070570 என்று முறைத்தது. இரண்டு ஓஎஸ்ஸும் சேர்ந்து பொய் சொல்லாது. சந்தேகம் ரேம் பக்கம் திரும்பியது.

சந்தேகத்தைத் தீர்த்தது ஷா256 தான், ஒரு ஃபைலுக்கு ஹாஷ் என்ற கைரேகை எண்ணை எடுத்துத் தரும் கணக்கு அது. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் செஷனில், மின்ட்டைச் சுருக்கி வைத்திருக்கும் அந்தப் பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலுக்கு ஹாஷ் எடுத்தேன். மறுபடி எடுத்தால் அதே விடை. இதை நம்பக் கூடாது, இரண்டாம் தடவை கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) பென்டிரைவைத் தொடவே இல்லை, ரேமில் வைத்திருந்த நகலான கேஷில் இருந்ததைத்தான் படித்தது. டிராப் கேஷஸ் கொடுத்துக் கேஷைக் காலி செய்துவிட்டு எடுத்தால் ஹாஷ் வேறு! ஃபைல் மாறவில்லை, அது போய் உட்கார்ந்த ரேம் பக்கங்கள்தான் மாறியிருக்கின்றன.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ். பழைய 5 வரிசை யூஇஎஃப்ஐயில் (கணினியைத் தொடக்கி வைக்கும் ஃபர்ம்வேர்) எழும்பாது, 2022-இல் வந்த 6.00 முதல்தான் எழும்பும். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஓட்டினேன். மூவிங் இன்வர்ஷன்ஸ் என்ற சோதனையில் சிவப்பு வரிகள். ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் எட்டு எழுத்தும் எஃப் ஆக இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவது எழுத்து மட்டும் ஈ. அதாவது தப்பியது ஒரே ஒரு பிட். ரப்பரால் தேய்த்துப் பார்த்தும், ஸ்லாட் மாற்றிப் பார்த்தும், கோளாறு அந்த ஸ்டிக்கோடேயே போனது.

நல்ல ஸ்டிக்கை மட்டும் வைத்து மின்ட்டை நிறுவியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் ஒரு பிட்டுக்காக 8 ஜிபியைக் குப்பையில் போட மனசு வருமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்ட் ஸ்டிக் கிடைக்கும், ஆனால் 'டெஸ்டிங் வாரன்டி' என்றால் கடைவாசல் தாண்டும்வரை என்று அர்த்தம். அதனால் கெட்ட முகவரியைத் தொடாதே என்று கர்னலிடமே சொல்லிவிடலாம் என்று இறங்கினேன். மெம்மேப் என்று ஒரு பூட் பாராமீட்டர் (கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் குறிப்பு) இருக்கிறது. எவ்வளவு ஒதுக்க வேண்டும், ஒரு டாலர் குறி, எங்கிருந்து என்ற முகவரி, அவ்வளவுதான். பிழை வந்த முகவரியைச் சுற்றி 1 எம்பி தாராளமாக ஒதுக்கினேன். ஒரு எச்சரிக்கை: இரண்டு ஸ்டிக்கையும் செருகிவிட்டு மெம்டெஸ்ட்டை மறுபடி ஓட்டித்தான் முகவரியைக் குறிக்க வேண்டும். இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து ஓட்டும் டூயல் சேனலில் முகவரிகள் இரண்டு ஸ்டிக்கிலும் மாறி மாறி விழும், ஒற்றை ஸ்டிக்கில் பார்த்த எண் செல்லாது.

இதில் பாடாய்ப்படுத்துவது அந்த டாலர்தான். ஓஎஸ்ஸைத் தொடக்கி வைக்கும் க்ரப்பின் செட்டிங் ஃபைலில் சும்மா டாலர் போட்டால், அந்த ஃபைலைப் படிக்கும் ஷெல் அதை வேரியபிள் என்று நினைத்துக்கொள்ளும். ஹெக்ஸ் முகவரி பூஜ்யத்தில் தொடங்குவதால் அது 'டாலர் பூஜ்யம்' ஆகி, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் க்ரப் ஸ்கிரிப்ட்டின் பெயரே வந்து உட்காரும். டாலர் காணாமல் போன மெம்மேப்புக்குக் கர்னல் எடுத்துக்கொள்ளும் அர்த்தமோ பயங்கரம்: மொத்த ரேமே 1 எம்பிதான்! கறுப்புத் திரையோடு கதை முடிந்தது. டாலருக்கு முன்னால் மூன்று பேக்ஸ்லாஷ் வேண்டும். ஷெல் இரண்டைத் தின்று ஒன்றை மிச்சம் வைக்கும், அந்த ஒன்றை பூட் நேரத்தில் க்ரப் தின்னும், கடைசியில் கர்னலுக்கு வெறும் டாலர் போய்ச் சேரும். பூட் மெனுவில் 'ஈ' அழுத்திக் கையால் திருத்தினால் ஒரே பேக்ஸ்லாஷ் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு.

இப்போது கர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெஸெக் வெளியீட்டில் அந்த 1 எம்பி 'ரிசர்வ்டு' என்று தனியாக நிற்கிறது. கேஷைக் காலி செய்து காலி செய்து எடுத்தாலும் ஹாஷ் மாறவில்லை. பிட் ஃபேட் சோதனையை மட்டும் இன்னும் ஓட்டவில்லை. எழுதிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருந்து படித்துப் பார்க்கும் சோதனை அது, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் அதற்குள் கை வேறு பக்கம் போய்விட்டது. பரணில் இன்டெல் பேட்ரெய்ல் ஆட்டம் சிப் உள்ள ஒரு டேப்லெட் கிடக்கிறது, பிராசசர் 64 பிட், யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். அதில் டெபியன் லினக்ஸ் போட வேண்டும்.