அம்பாசிடர் டேங்கைக் காலி செய்தது: பெட்ரோலைவிட அதன் ஆவிக்கே பயப்படணும்

பெங்களூரு அல்சூரில் ரொம்ப நாளாக ஓடாமல் நின்ற பெட்ரோல் அம்பாசிடர். டேங்கை இறக்கித் துரு பார்க்கணும். அதற்கு முன்னால் பழைய பெட்ரோலை எடுத்தாகணும்.

வண்டியை பேஸ்மென்ட்டிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளிய பிறகே வேலை ஆரம்பம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் ஒன்று போட்டால் போதும், பற்றிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பவுடர் தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்தாச்சு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை டேங்க் மூடி திறக்கும் முன்பே கழற்றணும். ஆவி பரவின பிறகு கழற்றினால் அங்கே வரும் பொறியே எமன்.

அடியில் டிரெயின் போல்ட் இருக்கிறதே என்று நேராக அதைத் திறக்கக் கூடாது. லிட்டர் கணக்கில் இருக்கும்போது திறந்தால் கையெல்லாம் பெட்ரோல், போல்ட்டைத் திரும்பப் போடவும் முடியாது. முதலில் மேல்வழியாக, ரப்பர் பல்ப் வைத்த கைப்பம்பும் பெட்ரோல் ஹோஸும் போட்டு முக்கால்வாசியை இறக்கணும். ஹோஸ் நுனியைச் சாய்வாக வெட்டினால் டேங்க் அடியில் ஒட்டி அடைக்காது. வாயால் உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம்: ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான்.

பிடிக்கும் கேன் இரும்பு, தரைமேல். கேனையும் வண்டியின் இரும்பு பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தையும் கிளிப் வைத்த செம்பு ஒயரால் முன்கூட்டியே இணைக்கணும். பெட்ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். பிளாஸ்டிக் வாளியில் அது இறங்க வழியில்லை. கேனில் பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், வெயிலில் விரியும். இன்னொன்று: அம்பாசிடர் டேங்க் 54 லிட்டர், 1934 பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர்தான் வைத்திருக்கலாம், ஒரு உலோகக் கேனில் 25-க்கு மேல் கூடாது.

மிச்சம் டிரெயின் போல்ட் வழியாக. இறுகியிருந்தால் துருவை இளக்கும் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடணும். தீ கக்கும் புளோ லாம்ப், தட்டித் திருகும் இம்பாக்ட் கன் கூடாது. பழைய ஃபைபர் வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும், ஜே.சி. ரோட்டில் புதுசு கிடைக்கும்.

கண்ணாடி ஜாடியில் விட்டுப் பார்த்ததில் மேலே பழுப்புப் பெட்ரோல், அடியில் கலங்கின அடுக்கு, அதற்கும் கீழே துருப்பொடி. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பிரிந்துவிட்டது. பிரிந்ததைக் குலுக்கி ஓட்ட முடியாது, வடிகட்டினாலும் பயனில்லை; இன்ஜின் தட்டாமல் ஓடத் தேவையான ஆக்டேன் அளவும் குறைந்துபோயிருக்கும். ராஜகாலுவேயில் (மழைநீர்க் கால்வாயில்) கொட்டாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்கணும்.

இப்போதுதான் டேங்க் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கில் காற்றோடு ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். மடிப்புகளில் ஒட்டிய பெட்ரோல் அலசிய பிறகும் ஆவி விடும். ஆகவே எல்லா வாயையும் அடைத்து வெளியில் வைத்திருக்கிறது; நீராவியில் கழுவி, வாயு மீட்டரில் பூஜ்யம் காட்டின பிறகே வெல்டிங் பட்டறைக்குப் போகும்.