ஸ்காபரோவில் இடியப்பமும் குளுக்கோமீட்டரும்

மகன் ஸ்பொன்சர் செய்து வவுனியாவிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே என் இரத்தச் சீனி ஏறிவிட்டது. ஊரில் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து திரிந்தவள், இங்கே குளிருக்கு அஞ்சி வீட்டோடு அடங்கிவிட்டேன். சாப்பாடு மட்டும் ஊரில் சாப்பிட்ட அளவுதான்.

ஆய்வுகூடம் என் சீனி 9.8 (mmol/L) என்று எழுதிக் கொடுத்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. “18ஆல் பெருக்கிப் பாருங்கோ மாமி” என்றாள் மருமகள். ஊர்க் கணக்கில் (mg/dL) 176. கனடாவில் பெரும்பாலானோருக்குச் சொல்லும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 5 முதல் 10.

உணவு ஆலோசகர் தந்த தாளில் பாஸ்தாவும் உருளைக்கிழங்கும் இருந்தன; இடியப்பம் இல்லை. அதைக் கேட்டதும் அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பிடுமுன் ஒருமுறை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரத்தில் மறுமுறை விரலைக் குத்திச் சீனி பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால்தான் அந்தச் சாப்பாடு உடம்பில் என்ன செய்தது என்று தெரியும்.

ஆறு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டபோது 6.3 என்றிருந்தது 12.4 ஆனது. மூன்று இடியப்பத்தோடு பருப்பும் முட்டையும் கீரையும் சேர்த்தபோது 8.8இல் நின்றது. குரக்கன் (கேழ்வரகு) புட்டுத்தான் என்னை அதிர வைத்தது: 11.6! சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) குரக்கன் நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். ஆனால் குரக்கனும் மாவுதானே. அளவைக் குறைத்த பிறகுதான் அதுவும் அடங்கியது. மதியச் சோற்றுக்குப் பிறகு பேரங்காடிக்குள் ஒரு சுற்று நடந்தால், அதே சோற்றுக்கு எண் குறைவாகவே வருகிறது.

குத்துமுன் கையைச் சவர்க்காரம் போட்டு இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலோடு குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து எண் பொய்யாக ஏறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. குளிரில் விரல் விறைத்திருந்தால், கையைச் சற்றுத் தொங்கவிட்டால் இரத்தம் வரும். பனிக்காலத்தில் மீட்டரையும் அதில் செருகும் சோதனைப் பட்டிகளையும் காரில் விட்டு வரவே கூடாது.

பட்டி ஒன்று ஏறத்தாழ ஒரு டாலர். ஒன்ராறியோவில் 65 வயதானவர்களுக்குக் கிடைக்கும் மருந்துச் சலுகைக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை. அதனால், புதிதாக ஒன்றைச் சாப்பிடும்போதும் சந்தேகம் வரும்போதும் மட்டும் சோதிக்கிறேன். மெற்போமின் மாத்திரை மட்டும் எடுக்கும் எனக்கு அது போதும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிக்ளசைட் மாத்திரையோ எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. சீனி 4க்குக் கீழே இறங்கி மயக்கம் வரை கொண்டுபோய்விடும்.