கர்ப்பப்பை வாயில் ‘புண்’ணும் அதன் ஓரத்து வளையமும்

“கர்ப்பப்பை வாயில் புண் இருக்கும்மா” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே அந்த வீட்டில் தூக்கம் போய்விடும். வெள்ளைப்படுதலுக்காகப் போன பெண்ணிடம் சொல்லப்படும் இந்தப் ‘புண்’ பெரும்பாலும் புண்ணே அல்ல. ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வருகிற இடம் அந்தச் சிவப்பின் ஓரத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கத்தை மூடியிருப்பவை பல அடுக்காக அமைந்த தட்டையான செல்கள். பார்க்க வெளிர் ரோஜா நிறம். உள்ளே போகும் குழாயில் இருப்பதோ சளி சுரக்கும் செல்களின் ஒற்றை அடுக்கு. அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் அதன் வழியே தெரிவதால் சிவப்பாக இருக்கும். பருவமடையும்போதும், கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இந்த உள்வரி கொஞ்சம் வெளியே பிதுங்கும். ‘புண்’ என்று பெயர் வாங்குவது இதுதான்.

வெளியே வந்த ஒற்றை அடுக்கு, யோனியின் அமிலத்தன்மை பட்டு மெல்ல மெல்லப் பல அடுக்காக மாறும். ஆரம்பத்தில் இரண்டு வகைச் செல்களும் சந்தித்த கோட்டுக்கும், இப்போது சந்திக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள வளையத்துக்கு டிரான்ஸ்ஃபர்மேஷன் ஸோன், அதாவது உருமாற்ற மண்டலம் என்று பெயர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நெபோதியன் சிஸ்ட்’ என்று படித்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மாற்றத்தின்போது வாய் மூடிக்கொண்ட சளிச் சுரப்பிதான் அது, பயப்பட ஒன்றுமில்லை.

பாலுறவு வழியே பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸ் நிலைத்துத் தங்கிச் செல்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த வளையத்தில்தான். பாதி மாறிய நிலையில் உள்ள இளம் செல்களும், சந்திப்புக் கோட்டின் செல்களும் அதற்கு எளிதில் இடம் கொடுத்துவிடுகின்றன. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் நிலைகளைச் சி.ஐ.என். 1, 2, 3 என்று குறிப்பார்கள். அதில் 2, 3 போன்ற தீவிர மாற்றங்கள் கோட்டைத் தொட்டபடியே தொடங்கும். கடிகாரமாக வைத்துப் பார்த்தால் பக்கவாட்டு 3, 9 மணிப் பகுதிகளைவிட 12, 6 மணிப் பகுதிகளில், அதாவது மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் அதிகம். சுரப்பிச் செல்களில் வரும் வகை மட்டும் குழாய்க்குள் ஏறியும், சில சமயம் விட்டுவிட்டும் இருக்கும்.

இந்த மாற்றத்துக்கு வலி கிடையாது, வெறும் கண்ணுக்கு நிறமும் கிடையாது. அதனால்தான் அசிட்டிக் அமிலம், அது பட்டால் மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் போட்டு, சளியைப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு, 3 முதல் 5 சதவீத அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாய் முழுவதும் படும்படி வைத்து, ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இருபது விநாடியில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை ஏறியிருக்காது. என்றைக்கோ கலந்து வைத்த அமிலமும் ஏமாற்றும், அன்றன்றைக்குக் கலப்பதே சரி. கோட்டை ஒட்டி, அடர்த்தியாக, ஓரம் தெளிவாகத் தெரியும் வெள்ளை சந்தேகத்துக்குரியது. கோட்டைவிட்டுத் தள்ளி, தீவுகள்போலச் சிதறிய மங்கலான வெள்ளை பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சாதாரண உருமாற்றத்தின் வெள்ளை சீக்கிரம் மறையும், தீவிர மாற்றத்தின் வெள்ளை சில நிமிடங்கள் நிற்கும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. ஒரு நிமிடம் காத்திருந்து சரியான இடத்தைப் பார்த்ததன் பலன் அது.

மாதவிடாய் நின்றபின் கோடு குழாய்க்குள் ஏறிவிடும். கோடு கண்ணில் படாதபோது “வெள்ளை இல்லை, நார்மல்” என்று எழுதுவது தவறு, அங்கே எச்.பி.வி. பரிசோதனைதான் பொருத்தம். கர்ப்பப்பை வாயின் செல்களை வழித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியரிலும் இதே கதைதான். செல்களை வழிக்கும் தட்டைக் குச்சியான ஸ்பாட்டுலாவின் நீண்ட முனையை வாய்த்துளைக்குள் ஊன்றி, ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஸ்லைடில் தடவிய உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். காய்ந்துவிட்டால் செல்கள் உருமாறி, படிக்கவே வராது. ரிப்போர்ட்டில் டிரான்ஸ்ஃபர்மேஷன் ஸோன் செல்கள் இருந்தனவா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றிருந்தால், 30 தாண்டியவர்கள் எச்.பி.வி. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மிக முக்கியமாக, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் சிவப்பைப் பார்த்தவுடன் ‘சுட்டுவிடலாம்’ என்றோ, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றோ யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சிவப்புக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே சுட்டுவிட்டால், அங்கே உண்மையான மாற்றம் இருந்ததா என்பதும் தெரியாமல் போய்விடும்.

மாற்றம் உறுதியானால், மேலோட்டமாகச் சுரண்டினால் போதாது. சுரப்பிகளின் மடிப்புகளுக்குள் அது சுமார் 5 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கலாம். அதனால் உறைய வைப்பதோ, சூடு வைப்பதோ, வளையக் கம்பியால் வெட்டி எடுப்பதோ, 7 மில்லிமீட்டராவது எட்ட வேண்டும். கோடு முழுதாகத் தெரியாதபோது உறைய வைப்பதும் சூடு வைப்பதும் கூடாது. வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். ஆறியபின் கோடு புது இடத்தில், பலருக்கு இன்னும் உள்ளே, அமையும் என்பதால் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.